அந்த 1.1 யார் போட்டது?

திருப்பூரில் ஓடும் முக்கியமான புரோகிராம்கள் பலவற்றை எழுதியவர்கள் தங்களைப் புரோகிராமர் என்று சொல்லிக்கொள்வதில்லை. பி.காம். முடித்துவிட்டுப் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த பெண், கட்டிங் மாஸ்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருடக்கணக்காகக் கணக்கு எழுதியவர், ஆடிட்டர் ஆபீஸிலிருந்து வந்த தம்பி, இவர்கள்தான் எழுதுகிறார்கள். கேட்டால், “சும்மா ஒரு பார்முலா போட்டு வெச்சிருக்கறனுங்க” என்பார்கள். எத்தனை கிலோ நூல் வாங்குவது, எவ்வளவு துணி ஓட்டுவது, பையருக்கு என்ன விலை சொல்வது எல்லாம் அந்த எக்செல் ஷீட்டில்தான் முடிவாகின்றன.

இதே ஊரில் மென்பொருள் வேலை பார்க்கும் எனக்கு அந்த ஷீட்டுகள் மேல் பெரிய மரியாதை உண்டு. ஒரு டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு துணி என்ற கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். உடல் நீளம், கை நீளம், தையலுக்கு விடுவது மூன்றையும் கூட்ட வேண்டும். அரை மார்பளவோடு அகலத்தில் தையலுக்கு விடுவதைச் சேர்த்து, அதனால் பெருக்க வேண்டும். முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டால் பெருக்கினால் பரப்பு. அதை ஜி.எஸ்.எம். கொண்டு, அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடையால் பெருக்கி, 10,000-ஆல் வகுத்தால் ஒரு பீஸின் எடை கிடைக்கும். உடல் 70 செ.மீ., கை 22, தையலுக்கு 10. அரை மார்பு 52, தையலுக்கு 4. துணி 180 ஜி.எஸ்.எம். என்றால் 205.6 கிராம். வளைந்த கழுத்தும் சரிந்த தோளும் உள்ள சட்டையை இரண்டு செவ்வகங்களாகப் பார்த்தால் போதும் என்று முதலில் கண்டவர் நல்ல புரோகிராமர்.

பார்முலாவின் கடைசியில் ‘* 1.1’ என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.

அது என்ன என்று கேட்டால் வேஸ்டேஜ் என்பார்கள். எந்த வேஸ்டேஜ்? டையிங்கில் குறையும் எடையா, கட்டிங் டேபிளில் விழும் துண்டா, செக்கிங்கில் ஒதுக்கும் பீஸா, எல்லாம் சேர்ந்தா? போட்டவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். அவருக்குப் பின் வந்தவர்கள் பயபக்தியோடு அதை அப்படியே காப்பி செய்துகொண்டிருப்பார்கள். மென்பொருள்காரர்கள் இப்படிப்பட்ட எண்ணை மேஜிக் நம்பர் என்று திட்டுவார்கள். எண் தவறாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஏன் இருக்கிறது என்று தெரியாததால் எப்போது மாற்றுவது என்றும் தெரியாமல் போகிறது.

40,000 பீஸ் ஆர்டர் ஒன்று. உண்மையில் 14 சதவீதம் சேதமாகும் துணிக்கு அந்த 1.1-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் பீஸுக்கு எட்டு கிராமுக்கு மேல் குறையும். மொத்தத்தில் சுமார் 329 கிலோ துணி பற்றாது. திரும்ப நூல் வாங்கி, ஓட்டி, சாயத்துக்கு அனுப்ப வேண்டும். லாட் வேறு, ஷேடு ஒத்துவர வேண்டும். அதற்குள் தேதி தவறினால் தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டிய சரக்கு விமானத்தில் போகும், ஆர்டரின் லாபமும் அதோடு போகும்.

பைத்தான் 3 வந்த 2008-லிருந்து மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். நான் இப்படி எழுதுவேன்:

டையிங்_குறைவு = 0.06   # இந்த நிறத்துக்கு மட்டும்
கட்டிங்_சேதம் = 0.04
தேவை_கிராம் = எடை_கிராம் * (1 + டையிங்_குறைவு + கட்டிங்_சேதம்)

இதிலும் அதே 1.1 தான் வருகிறது. ஆனால் நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் டையிங் மாறினால் எந்த வரியைத் தொட வேண்டும் என்று தெரியும். எக்செலில் இதற்குப் புரோகிராமிங்கே வேண்டாம். 0.06-க்குத் தனியாக ஒரு கட்டம், பக்கத்தில் அதன் பெயர், யார் சொன்னது, எந்தத் தேதியில் என்று எழுதினால் போதும்.

பெயரிலேயே ‘கிராம்’ என்று சேர்த்ததற்கும் காரணம் உண்டு. ஒரு பையர் அங்குலத்தில் அளவு அனுப்புவார், இன்னொருவர் சென்டிமீட்டரில். 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்த நேரத்தில் தொலைந்தது. ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் கொடுத்த எண்ணை இன்னொரு மென்பொருள் நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டதே காரணம்.

பெயர் வைக்காத எண்ணுக்கு இன்னோர் உதாரணம் வரி. 2025 செப்டம்பர் 22-ஐ நம் ஊர் அக்கவுண்ட்ஸ்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதுவரை 1,000 ரூபாய் வரையான ஆடைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி., மேலே போனால் 12. அன்றிலிருந்து 2,500 வரை 5, மேலே 18. பில் ஷீட்டில் வெறுமனே 1000 என்று எழுதியிருந்து, அதை மொத்தமாகத் தேடி 2500 என்று மாற்றினால் கிலோவைக் கிராமாக்கும் 1000-மும் சேர்ந்து மாறிவிடும்.

ஒருவர் செய்ததை இன்னொருவர் சரிபார்க்கும் ஒழுங்கு திருப்பூருக்குப் புதிதல்ல. உற்பத்திக்கு முன் தைத்து அனுப்பும் பிபி சாம்பிளுக்கு பையர் ஓகே சொல்லாமல் கட்டிங் போட எந்த முதலாளிக்கும் மனம் வராது. தைத்த பீஸைத் தைத்தவரல்லாத ஒருவர் செக்கிங் டேபிளில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அதைத் தன் மீதான சந்தேகம் என்று எந்த டெய்லரும் நினைப்பதில்லை. அத்தனை பீஸுக்கும் துணி அளக்கும் பார்முலாவை மட்டும் எழுதியவரைத் தவிர இன்னொரு கண் பார்ப்பதில்லை. மென்பொருள் கம்பெனிகளில் கோட் ரிவ்யூ என்று நடப்பது இந்தச் செக்கிங்தான். நம் ஊர்க் கல்லூரிகளில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு பிபனாச்சி வரிசையோடு இந்தத் துணிக் கணக்கையும் கொடுத்து, ஒருவர் எழுதியதை இன்னொருவரைத் திருத்தச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

என்னை அதிகம் உறுத்துவது சம்பளக் கணக்கு. மாதச் சம்பளத்தை மனதில் வைத்து வெளியூரில் எழுதிய பேரோல் மென்பொருள் இங்கே அப்படியே பொருந்தாது. இங்கே வாரக் கூலி, சனிக்கிழமை பட்டுவாடா. காலை எட்டரைக்கு வந்து மாலை ஐந்தரைக்குப் போனால் ஒரு ஷிப்ட், இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை. எட்டு மணிக்குக் கரண்ட் போய் மெஷின் நின்றால்? காலையில் பஸ் தாமதமாகிப் பத்து நிமிடம் கழித்து வந்தால்? ஷீட்டில் எங்கோ ஓர் எண் அதற்கான பதிலை வைத்திருக்கிறது. 1.1 தவறினால் நஷ்டம் கம்பெனிக்கு, கம்பெனி எப்படியும் கண்டுபிடித்துவிடும். இந்த எண் தவறினால் நஷ்டம் டெய்லருக்கு உதவியாக இருக்கும் ஒரு கைமடிப் பெண்ணுக்கு. அவர் அந்த ஷீட்டைப் பார்க்கவே வழியில்லை. நாள்வாரியாக எத்தனை ஷிப்ட், ஒரு ஷிப்டுக்கு என்ன கூலி, எத்தனை நிமிடத்துக்கு அரை ஷிப்ட் வெட்டப்படும் என்பதெல்லாம் தொகைக்கு மேலே, தமிழில், சம்பளச் சீட்டில் அச்சாக வேண்டும். நான் பார்த்த எந்த ஷீட்டிலும் இதைச் சேர்ப்பது ஒரு மதிய வேலைக்கு மேல் போகாது.