மூக்கை ஒப்படைக்கும் முன் ஆளைப் பாருங்க!

"டாக்டர், பொண்ணுக்கு வரன் பார்த்துக்கிட்டு இருக்கோம். மூக்குதான் கொஞ்சம் சப்பை. ஏதாச்சும் தைலம் போட்டு நீவிவிட்டா நிமிருமா?"

ஆரப்பாளையத்தில் என் கிளினிக்குக்கு வரும் அம்மாக்கள் இப்படிக் கேட்பதுண்டு. நிமிராது. மூக்கு என்பது எலும்பும் குருத்தெலும்பும் சேர்ந்த கூடு. நசியமோ தைலமோ அதன் வடிவத்தை மாற்றாது. சித்த வைத்தியரே இப்படிச் சொல்கிறாரே என்று சிலருக்கு முகம் வாடிவிடும். இருக்கிற மூக்கே அழகுதான் என்பது என் கட்சி. ஆனால் மூக்கு அந்தப் பெண்ணுடையது. அவளே ஆசைப்பட்டால் சரி, மாப்பிள்ளை வீட்டுக்காக வேண்டாம்.

ஆபரேஷன் என்று முடிவானதும் அடுத்த கேள்வி, "எங்கே சல்லிசா முடியும்?" எனக்குக் கோபம் வருவது இங்கேதான். புடவை எடுக்க விளக்குத்தூணில் நாலு கடை ஏறி இறங்குகிற குடும்பம், செல்போனில் வந்த 'முன்னே - பின்னே' போட்டோவை நம்பி மூக்கைக் கொடுக்கலாமா?

"அந்தக் காலத்துல பட்டமா வாங்கினாங்க?" என்பார்கள். வாங்கவில்லைதான். 1792 போரில் திப்பு சுல்தான் படையிடம் சிக்கி மூக்கறுபட்டார் காவஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரர். புனே பக்கம் செங்கல் அறுக்கும் குலத்தவர் ஒருவர், நெற்றித் தோலைத் திருப்பி அவருக்குப் புது மூக்கு வைத்தார். 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு செய்தி வந்தது. ஆனால் அது பரம்பரையாகக் கைக்குள் இருந்த தொழில். செய்தி அறிந்த கார்ப்யூ என்ற லண்டன் சர்ஜன்கூட, பிணங்களில் கத்தி பிடித்துப் பழகிவிட்டு 1814-ல்தான் உயிருள்ள ஆள்மேல் கை வைத்தார். இன்றைக்கு அந்தப் பழக்கத்துக்குச் சாட்சி என்ன? முதலில் படிப்பு. எம்.பி.பி.எஸ். மட்டும் போதாது, பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. வேண்டும். மூக்கு வடிவ ஆபரேஷனில் தனியாகப் பழகிய இ.என்.டி. சர்ஜன்களும் செய்கிறார்கள். பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம். நம்ம ராஜாஜி ஆஸ்பத்திரியிலேயே பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறதே, ஒரு எட்டு போய் அபிப்பிராயம் கேளுங்களேன்!

பட்டம் இருந்தாலும் விடாதீங்க. வருஷத்துக்கு எத்தனை மூக்கு செய்றீங்க, மயக்க மருந்து கொடுப்பவர் கடைசிவரை கூட இருப்பாரா, கோணலா வந்தா என்ன செய்வீங்க என்று கேளுங்க. முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்க. 2016-ல் சென்னையில் தலையில் முடி நடப் போன மருத்துவ மாணவர் ஒருவரே உயிரை விட்டார். அந்த இடம் வைத்திருந்தது சலூன் லைசென்ஸ்தான் என்று பிறகு தெரிந்தது.

"கத்தியே வேண்டாம், ஒரே ஊசியில் மூக்கு எடுப்பாயிடும்" என்று சொல்லும் பியூட்டி பார்லர் பக்கமே போகாதீங்க. அந்த ஃபில்லர் ரத்தக்குழாயில் போய் அடைத்தால் தோல் அழுகும். கண் பார்வையே போனவர்கள் உண்டு.

எங்களிடம் வாங்கிய சூரணம், லேகியம் எல்லாவற்றையும் சர்ஜனிடம் சொல்லிவிடுங்க. பூண்டு மாதிரி சில சரக்குகள் ரத்தக்கசிவைக் கூட்டலாம். அப்புறம், வீக்கம் முழுசாக வடிய ஒரு வருஷம்கூட ஆகும். தையில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு கார்த்திகையில் ஆபரேஷனுக்கு நாள் குறிக்காதீங்க.