"போட்டாச்சு அக்கா!" "பெட்டி கூவலையே தம்பி!"

தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் இன்று அதிகம் கேட்கும் சொல் எது?

"போட்டாச்சு" என்பதுதான்!

இளநீர்க் கடையில் "போட்டாச்சு." பூக்கடையில் "போட்டாச்சு." கோவில் வாசலில் தேங்காய் விற்கும் இடத்திலும் "போட்டாச்சு." யாரும் பைக்குள் கை விடுவதில்லை. செல்போனை மட்டும் நீட்டுகிறார்கள். கட்டம் கட்டமாக உள்ள அட்டைக்கு எதிரே அதைக் காட்டுகிறார்கள். ரகசிய எண்ணைத் தட்டுகிறார்கள். உடனே கடைக்காரரின் பெட்டி, "இருபது ரூபாய் வந்துவிட்டது" என்று கூவுகிறது.

இதற்கு யூபிஐ என்று பெயர். எந்த நிறுவனத்தின் வழியாகப் பணம் போனாலும் ஜனங்கள் "ஜீபே" என்றே சொல்கிறார்கள்.

2016-ம் ஆண்டு இது தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 8-ந் தேதி இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. பேங்கு வாசலில் ஜனங்கள் கால் கடுக்க நின்றார்கள். கையில் நோட்டு இல்லாத அந்த நாட்களில்தான் செல்போன் பணம் பலருக்கு அறிமுகம் ஆயிற்று. 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் நாடு முழுவதும் 2,000 கோடி தடவைக்கு மேல் இப்படிப் பணம் கைமாறியது.

சில்லறைச் சண்டை ஓய்ந்தது

நல்லதை மறைக்கக்கூடாது. முன்பெல்லாம், "சில்லறை இல்லை" என்று கடைக்காரர் மிட்டாயை எடுத்து நீட்டுவார். பாக்கி இரண்டு ரூபாய் பிள்ளைகளின் வாய்க்குள் போகும். பல்தான் கெடும்! இப்போது 37 ரூபாய் என்றால் 37 ரூபாயே போய்ச் சேருகிறது. வெளியூரில் படிக்கும் மகனுக்குப் பணம் அனுப்ப அப்பா பேங்குக்கு நடக்க வேண்டியதில்லை.

அந்தக் கட்டம் போட்ட அட்டையும் லேசுப்பட்டது அல்ல. 1994-ல் ஜப்பான் நாட்டில் மசாஹிரோ ஹாரா என்ற என்ஜினீயரும் அவருடன் வேலை செய்தவர்களும் அதை உண்டாக்கினார்கள். கார் உதிரி பாகங்களுக்குக் கணக்கு வைக்க உண்டாக்கியது அது. தொழிற்சாலையில் அழுக்குப் படும் அல்லவா? ஆகவே, கொஞ்சம் அழிந்தாலும் படிக்கக்கூடிய மாதிரி செய்தார்கள். எண்ணெய்க்கை படும் வடைக் கடைக்கு அது பொருத்தமாகிவிட்டது!

இருவர் சொல்வதும் நிஜம்

ஆனாலும் ஜனங்கள் முணுமுணுக்கிறார்கள். கீரைக்கடையில் நின்றால் அது காதில் விழும்.

"போட்டாச்சு அக்கா!"

"பெட்டி கூவலையே தம்பி!"

"என் கணக்கில் 60 ரூபாய் பிடிச்சிட்டாங்களே. இதோ பாருங்க."

"நீ காட்டுறது சரி தம்பி. எனக்கு வரலையே!"

பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். யார் சொல்வது நிஜம்?

இருவர் சொல்வதும் நிஜம்தான்!

செல்போனில் இருந்து பணம் நேரே கடைக்காரருக்குப் போவதில்லை. செல்போனில் தட்டியதும், செய்தி மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பணப் பட்டுவாடா கழகத்துக்குப் போகிறது. கழகம், பணம் கொடுப்பவரின் பேங்கிடம் "எடு" என்கிறது. பேங்கு எடுக்கிறது. பிறகு கழகம், வாங்குபவரின் பேங்கிடம் "வரவு வை" என்கிறது. அந்த பேங்கு வரவு வைத்து, "ஆயிற்று" என்று பதில் சொல்கிறது. அதற்குப் பிறகே பெட்டி கூவும். இவ்வளவும் சில நொடிகளில் நடக்கிறது.

முதல் பேங்கு எடுத்துவிட்டது. இரண்டாவது பேங்கு பதில் சொல்லவில்லை. அப்போது என்ன ஆகும்? பணம் நடுவழியில் தொங்கும்! கொடுத்தவர் கையில் இல்லை. வாங்கியவர் கையிலும் இல்லை.

சில சமயம் கொஞ்ச நேரம் கழித்துக் கடைக்காரருக்கு வந்து சேரும். சில சமயம் கொடுத்தவருக்கே திரும்பிப் போய்விடும். இங்கேதான் சங்கடம். கீரை போய்விட்டது. காசு வாங்கினவருக்கே திரும்பிவிட்டது. அவர் நல்லவராக இருந்தால் மறுநாள் வந்து கொடுப்பார். வெளியூர்க்காரராக இருந்தால்? ஒரு கட்டுக்குச் சில ரூபாய் மட்டுமே லாபம் பார்க்கும் அம்மாளுக்கு 60 ரூபாய் என்பது ஒரு வேளை உழைப்பு.

"கூவும் பெட்டி எதற்கு?" என்று சிலர் சிரிக்கிறார்கள். அது ஆடம்பரம் அல்ல. பணம் போட்டது போலப் பொய்ப் படத்தைக் காட்டிவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். கூட்ட நேரத்தில் தராசைப் பார்ப்பதா, செல்போனைப் பார்ப்பதா? அதற்காகத்தான் பெட்டி. ஆனால் பல நிறுவனங்கள் பெட்டிக்கு மாத வாடகை வாங்குகின்றன. ஏமாற்றுகிறவன் வேறு ஆள். வாடகை கட்டுகிறவர் கடைக்காரர்!

திருடனுக்கும் அதே வேகம்

மணியார்டர் போய்ச் சேர நாள் கணக்கு ஆகும். யூபிஐ பணம் கண் சிமிட்டும் நேரத்தில் போய்விடுகிறது. அதே வேகம் திருடனுக்கும் கிடைத்துவிட்டது.

"உங்களுக்குப் பரிசுப் பணம் வந்திருக்கிறது. ரகசிய எண்ணைத் தட்டுங்கள்" என்று போன் வரும். தட்டினால் பணம் வராது, போய்விடும்! பணம் வாங்குவதற்கு ரகசிய எண் வேண்டியதே இல்லை. கொடுப்பதற்குத்தான் அது வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் பணத்தை இழந்த குடும்பங்கள் பல.

"பணம் கொடு" என்று ஒரு தனி ஆள் இன்னொருவருக்குக் கோரிக்கை அனுப்பும் வசதி முன்பு இருந்தது. மோசடிக்காரர்கள் அதைப் பயன்படுத்தியதால் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். கடை அட்டையின் மேல் திருடன் தன் அட்டையை ஒட்டிவிட்டுப் போவதும் நடந்திருக்கிறது. ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யவேண்டும். பணம் வேறு வேறு கணக்குகளுக்குத் தாவும் முன்பு சொன்னால் பிடித்து நிறுத்த வழி உண்டு. வெட்கப்பட்டு இரண்டு நாள் மூடி மறைத்தால் கிடைப்பது கஷ்டம்.

பெரியவர்களின் குறை வேறு மாதிரி. பென்ஷன் பணம் தாத்தாவுடையது. ரகசிய எண் பேரனுக்குத்தான் தெரியும்! பித்தான் போனிலும் பணம் அனுப்பும் முறை 2022 மார்ச் மாதமே வந்துவிட்டது. அதைத் தாத்தாவுக்குச் சொல்லிக் கொடுக்க வீட்டில் யாருக்கும் பொழுது இல்லை.

நோட்டு மறைந்துவிட்டதா?

2025 மார்ச் 26-ந் தேதியும், ஏப்ரல் 12-ந் தேதியும் நாட்டின் பல இடங்களில் யூபிஐ தடைப்பட்டது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவியவர்கள் கல்லாவின் முன்னே விழித்தார்கள்.

அதே ஆண்டு ஜூலை மாதம் பெங்களூரில் வேறொரு தொல்லை. யூபிஐ வரவைக் கணக்குப் பார்த்துச் சிறு கடைக்காரர்களுக்கு வரித்துறை நோட்டீசு அனுப்பியது. பயந்துபோன பலர் அட்டையைக் கிழித்துவிட்டு, "ரொக்கம் மட்டும்" என்று எழுதி வைத்தார்கள்.

செல்போன் வந்ததால் நோட்டு மறைந்துவிடும் என்றார்கள். மறையவில்லை. 2016 நவம்பர் தொடக்கத்தில் நாட்டில் சுமார் 18 லட்சம் கோடி ரூபாய் ரொக்கம் புழங்கியது. 2025 மார்ச் மாதத்தில் அது 36 லட்சம் கோடிக்கு மேல்! ஜனங்கள் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள்.

நாளுக்கு 100 ரூபாய்

நடுவழியில் தொங்கும் பணத்துக்கு ஒரு விதி இருக்கிறது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் பேங்கு போட்ட உத்தரவு அது. ஒருவர் கணக்கில் இருந்து இன்னொருவர் கணக்குக்கு அனுப்பிய பணம் சேரவில்லை என்றால், மறுநாளுக்குள் திரும்பவேண்டும். கடையில் கொடுத்த பணத்துக்கு 5 நாள் கெடு. கெடு தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. கேட்காமலேயே பேங்கு அதைக் கொடுக்கவேண்டும்.

கொடுக்காவிட்டால் பேங்குக்குப் புகார் எழுதலாம். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் பேங்கின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம். கட்டணம் கிடையாது.

ஆனால் இந்த 100 ரூபாய் யாருக்கு? கணக்கில் பணம் பிடிக்கப்பட்டவருக்கு, அதாவது கீரை வாங்கியவருக்கு. கீரை விற்ற அம்மாளுக்கு இந்த விதியில் ஒன்றும் இல்லை. "தம்பி நாளைக்கு இந்தப் பக்கம் வரும்" என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கவேண்டியதுதான்.