மாமிக்கும் கேட்கும் பதில்



எங்கள் அயலில் இருக்கும் தங்கை ஒருத்தியைச் சலவைத்தூள் பற்றிய கலந்துரையாடல் ஒன்றுக்கு அழைத்திருந்தார்கள். எங்கும் போகத் தேவையில்லை. கைத்தொலைபேசியில் சூம் வழியாக ஆறு பெண்கள் ஒன்றரை மணிநேரம் பேச வேண்டும். "வீட்டில் எந்தத் தூள் வாங்குவது என்று முடிவெடுப்பது யார்?" என்று கேட்டார்கள். "எல்லாரும் சேர்ந்துதான்" என்றாள் இவள். மறுநாள் என்னிடம், "மாமி பக்கத்தில தேங்காய் திருவிக்கொண்டிருக்கேக்க வேற என்னக்கா சொல்லுறது?" என்றாள்.

நிறுவனத்தின் அறிக்கையில் அந்தப் பதில்தான் உண்மையாகப் பதிவாகியிருக்கும்.

சிலரைக் கூட்டி வைத்து ஒரு பொருளைப் பற்றி மனந்திறந்து பேசவைக்கும் இந்த முறைக்கு 80 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1941இல் நியூயோர்க்கில் போல் லாசர்ஸ்ஃபெல்ட், ரொபேர்ட் மேர்ட்டன் என்ற இரு சமூகவியலாளர்கள் வானொலி நிகழ்ச்சிகளைப் பற்றி நேயர்களிடம் இவ்வாறு கேட்டறிந்தார்கள். நேயர்கள் பிடித்த இடத்தில் பச்சைப் பொத்தானையும் பிடிக்காத இடத்தில் சிவப்பையும் அழுத்துவார்கள். பிறகு, ஏன் அழுத்தினீர்கள் என்று கேட்கப்படும். இத்தகைய உரையாடல் முறையை விளம்பரத் துறைக்குக் கொண்டு சென்றவர்களில் ஒருவர் ஒரு பெண். அவர் வியன்னாவில் பிறந்த ஹேர்ட்டா ஹேர்ட்சோக்.

2020இல் கொரோனா வந்தபோது இக்கூட்டங்கள் பெருமளவில் திரைக்கு மாறின. கைக்குழந்தை உள்ளவர்களும் தூர ஊர்ப் பெண்களும் பங்குபற்ற முடிந்தது நன்மைதான். ஆனால் மண்டபத்தில் கதவைச் சாத்தலாம். எங்கள் குசினிக்குக் கதவு ஏது?

ஆகவே இத்தகைய கலந்துரையாடல்களை நடத்தும் சகோதரிகள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். எந்த நேரம் தனியாக இருப்பீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள். வீட்டுக்குள் யாருக்கு அதிகாரம், காசு யார் கையில் என்பன போன்ற கேள்விகளுக்கு வாயால் பதில் கேட்காமல், உங்களுக்கு மட்டும் தெரியும்படி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். டேட்டாச் செலவை முன்கூட்டியே கொடுங்கள். திரையில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். கூடினால் துணிந்தவர்கள் மட்டுமே பேசுவார்கள். போன் இல்லாத பெண் உங்கள் திரையில் ஒருபோதும் தோன்றமாட்டாள் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

அழைக்கப்படும் சகோதரிகளே, நீங்களும் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்த நிறுவனத்துக்காக இந்த ஆய்வு? ஒலி, ஒளிப்பதிவு செய்வீர்களா, அதை யார் பார்ப்பார்கள்? என் பெயரும் இலக்கமும் யாரிடம் இருக்கும்? எனக்கு என்ன கொடுப்பனவு? தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க எமது நாட்டிலும் 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடலாம். இடையில் விலகவும் செய்யலாம்.

எங்கள் கருத்து நிறுவனங்களுக்குப் பெறுமதியானது. அதனால்தான் தேடி வருகிறார்கள். அதைப் பயமின்றிச் சொல்ல ஓர் இடமும் நேரமும் கேட்பது எங்கள் உரிமை.