சேர்ந்து அமர்ந்தால் போதுமா?

தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கான 25 சதவீத இடங்கள் பற்றிய விவாதம் ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் எழுகிறது. சேர்க்கை முடிந்ததும் அடங்கிவிடுகிறது. எத்தனை இடங்கள், யாருக்குக் குலுக்கல், அரசு தர வேண்டிய கட்டணப் பாக்கி எவ்வளவு என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. சேர்க்கப்பட்ட குழந்தை வகுப்பில் யார் அருகில் அமர்கிறது, யாரோடு விளையாடுகிறது என்று கேட்பாரில்லை. ஆனால், இந்தச் சட்டப் பிரிவின் உயிர்நாடி அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

"நாம்" என்றும் "அவர்கள்" என்றும் மனிதர்கள் பிரிந்து நிற்பதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. சமூக உளவியல் அறிஞர் ஹென்றி தாஜ்ஃபெல், பிரிட்டனில் பள்ளி மாணவர்களை அற்பமான காரணங்களைச் சொல்லி இரு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்து, அதன் முடிவுகளை 1970-களின் தொடக்கத்தில் வெளியிட்டார். தன் குழுவில் இருப்பவர் யார் என்றே தெரியாத நிலையிலும், அந்தச் சிறுவர்கள் தங்கள் குழுவினருக்கே கூடுதலாகப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் உருவான பிரிவினைக்கே இவ்வளவு வலிமை என்றால், தலைமுறை தலைமுறையாக ஜாதியும் செல்வமும் எழுப்பி வைத்திருக்கும் சுவர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

அந்தச் சுவர்களைத் தகர்க்க முடியும் என்பதற்குத் தலைநகர் தில்லியிலேயே சான்று இருக்கிறது. சலுகை விலையில் அரசு நிலம் பெற்ற இங்குள்ள தனியார் பள்ளிகள், ஏழை மாணவர்களுக்கும் இடம் தர வேண்டும் என்று 2007-இல் கட்டாயப்படுத்தப்பட்டன. அதன் விளைவுகளைப் பொருளாதார அறிஞர் கௌதம் ராவ் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார். ஏழை மாணவர்களோடு படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகள் கூடுதல் ஈகை குணம் உடையவர்களாகவும், தொண்டுப் பணிகளில் ஆர்வம் மிக்கவர்களாகவும் இருந்தனர். தொடர் ஓட்டத்துக்குத் துணை வீரரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, ஏழை என்பதற்காக வேகமாக ஓடும் மாணவரை ஒதுக்கும் போக்கு அவர்களிடம் குறைந்திருந்தது. கணிதத்திலோ ஹிந்தியிலோ அவர்களது மதிப்பெண்கள் சரியவில்லை. ஆங்கிலத்தில் மட்டுமே சிறிய சரிவு காணப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சில பள்ளிகளில் பெயரின் அகர வரிசைப்படி படிப்புக் குழுக்கள் அமைக்கப்பட்டிருந்தன. தற்செயலாக ஏழை மாணவரின் குழுவில் இடம் பெற்ற பிள்ளைகளிடம்தான் மனமாற்றம் கூடுதலாகத் தெரிந்தது. ஒரே கூரையின் கீழ் இருப்பது வேறு. ஒரே பாடத்தைச் சேர்ந்து முடிப்பது வேறு.

உத்தரப் பிரதேசத்தில் 2017-இல் நடந்த மற்றோர் ஆய்வும் இதையே உறுதி செய்கிறது. பல்வேறு ஜாதிகளைச் சேர்ந்த 1,261 இளைஞர்களை ஆய்வில் சேர்த்து, கிரிக்கெட் போட்டிகளை நடத்தினார் மாத்யூ லோ. ஒரே அணியில் தோளோடு தோள் நின்று ஆடியவர்களிடையே ஜாதி கடந்த நட்பு வளர்ந்தது. எதிரணியினராக மட்டுமே சந்தித்துக் கொண்டவர்களிடையே, பெரும்பாலும் அது குறைந்தது. சம மதிப்பு, பொது இலக்கு, கூட்டு முயற்சி, நிர்வாகத்தின் முழு ஆதரவு ஆகியவை இருந்தால்தான் பழக்கம் பகையைக் கரைக்கும் என்று கார்டன் ஆல்போர்ட் 1954-இல் எழுதியது எவ்வளவு உண்மை!

நமது சட்டம் இதை உணராமல் இயற்றப்படவில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள், இந்த இடங்களில் சேரும் குழந்தைகளைத் தனி வகுப்பில் அமர்த்தக் கூடாது, தனி நேரத்திலோ தனி இடத்திலோ பாடம் நடத்தக் கூடாது என்கின்றன. பாடநூல், சீருடை, நூலகம், விளையாட்டு ஆகியவற்றிலும் பாகுபாட்டைத் தடை செய்கின்றன. உச்ச நீதிமன்றம் 2012-இல் 25 சதவீத ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

ஆனால், அரசுகளோ இதனைச் செலவுக் கணக்காகவே பார்க்கின்றன. அருகில் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளி இடம் தரத் தேவையில்லை என்று கர்நாடகம் விதியை மாற்றியது. 2024-இல் மகாராஷ்டிரம் கொண்டுவந்த அதேபோன்ற திருத்தத்தை மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மத்திய, மாநில அரசுகளுக்கிடையிலான நிதிப் பிணக்கால் தமிழ்நாட்டில் 2025-26 கல்வியாண்டுக்கான சேர்க்கை பல மாதங்கள் தாமதமானது. அரசுப் பள்ளியில் இடம் இருக்கும்போது தனியாருக்கு ஏன் பணம் தர வேண்டும் என்ற வாதம் கணக்குப்படி நியாயமாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கணக்கில், இரண்டு வீட்டுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் அறியாமலேயே வளர்வதால் நாடு இழப்பது சேர்க்கப்படவில்லை.

கூட்டுக் கல்வியால் வசதியான பிள்ளைகள் பெறும் நன்மையை மட்டுமே பேசுவதும் தவறு. சுற்றுலாவுக்குப் பணம் கட்ட முடியாமல் தனித்து நிற்கும் குழந்தைக்கு அந்தப் பள்ளி தருவது அவமானம்தான். எட்டாம் வகுப்போடு சட்டத்தின் பாதுகாப்பு முடிந்து, ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் கேட்கப்படும்போது, எட்டு ஆண்டுகள் பழகிய நட்பும் பள்ளி வாசலோடு முடிந்துபோகிறது.

எனவே, இடங்களை நிரப்புவதோடு கல்வித் துறையின் கடமை தீர்ந்துவிடாது. தனி வகுப்பு கூடாது என்ற விதி பின்பற்றப்படுகிறதா என்பதை அதிகாரிகள் பள்ளிக்கே சென்று ஆய்வு செய்ய வேண்டும். அகர வரிசையில் குழுக்களை அமைக்கக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவாகாது. கட்டண உரிமையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டிப்பதும், பாக்கியை உரிய காலத்தில் வழங்குவதும் அரசின் பொறுப்பு.

ஒற்றுமையைப் பற்றி மேடைதோறும் முழங்குகிறோம். அது மேடையில் பிறப்பதில்லை. ஆறு வயதில், பக்கத்து இருக்கையில் பிறக்கிறது.