செவர்லே தன் கோப்புகளைத் திறக்க வேண்டும்

நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் இறுகி நின்றுபோகிறது. ஏதோ பழைய ஓட்டை வண்டியல்ல. செவர்லேயின் சில்வராடோ, டாஹோ, சபர்பன் வரிசையில் 6.2 லிட்டர் வி8 என்ஜின் பூட்டிய விலை உயர்ந்த வண்டிகள். கனெக்டிங் ராடிலும் கிராங்க் ஷாஃப்டிலும் தயாரிப்புக் குறை இருக்கிறது என்று 2025 ஏப்ரலில் செவர்லேயின் தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்புக்கொண்டது. தன் மற்றப் பெயர்களில் விற்றவற்றையும் சேர்த்து அமெரிக்காவில் ஏறத்தாழ 6 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அழைத்து என்ன செய்தது? சோதனையில் தேறாத என்ஜினைச் சரிசெய்வோம் அல்லது மாற்றித் தருவோம் என்றது. தேறிய என்ஜினுக்குக் கொஞ்சம் கெட்டியான ஆயில், புது ஃபில்டர், புது ஆயில் மூடி, கையேட்டில் செருகிக்கொள்ள ஒரு தாள். பரிகாரம் முடிந்தது.

உத்தரவாதம் இருக்கிறதே என்பார்கள். உத்தரவாதம் என்ஜினுக்குத்தான். பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்போது நடுப்பாதையில் நின்றுபோன வண்டிக்குள் இருப்பவருக்கு அதனால் என்ன பயன்?

இந்த ஆயில் வைத்தியத்தைவிடக் கடுமையாகக் கண்டிக்க வேண்டியது அதற்கு முன் நடந்த கதை. இதே என்ஜினைப் பற்றிக் கம்பெனி மூன்று முறை உள்விசாரணை நடத்தியது. மூன்று முறையும் குறை எதுவும் இல்லை என்று கோப்பைக் கட்டி வைத்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணையைத் தொடங்கியது. அடுத்த சில மாதங்களிலேயே கம்பெனிக்கும் குறை கண்ணில் பட்டுவிட்டது. அதற்குள் 28,000க்கும் அதிகமான புகார்கள் அதன் கையில் இருந்தன.

ஒருமுறை என்றால் அசட்டை என்று விட்டுவிடலாம். இது செவர்லே வீட்டின் நெடுநாள் வழக்கம். குறை முதலில் கம்பெனிக்குத் தெரிகிறது. பிறகு அதன் வக்கீல்களுக்குத் தெரிகிறது. வெளியிலிருந்து யாராவது கழுத்தைப் பிடித்தால்தான், வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரிகிறது.

1911ல் டெட்ராய்ட்டில், சுவிட்சர்லாந்தில் பிறந்த பந்தய ஓட்டுநர் லூயி செவர்லேயும் வில்லியம் டுராண்ட்டும் தொடங்கிய பெயர் இது. லூயி சில ஆண்டுகளிலேயே பிணங்கி வெளியேறிவிட்டார். பெயர் மட்டும் டுராண்ட்டிடம் தங்கிவிட்டது. 1920களின் முடிவுக்குள் விற்பனையில் ஃபோர்டை முந்தியது. 1928ல் பம்பாயில் வண்டி பூட்டும் தொழிற்சாலை திறந்து இந்தியாவுக்கும் வந்தது ஜெனரல் மோட்டார்ஸ். பின்னாளில் இம்பாலா கார் நம் சினிமாக்காரர்களின் வாசலில் நின்று பெருமை காட்டியதும் உண்மை. நடுத்தரக் குடும்பம் நம்பி வாங்கும் வண்டி என்ற பெயரை உழைத்துத்தான் சம்பாதித்தார்கள். அந்த நம்பிக்கையை எப்படிச் செலவழித்தார்கள் என்பதுதான் நம் வழக்கு.

1960 மாடலாகக் கார்வேர் என்ற கார் வந்தது. என்ஜின் பின்பக்கம், வளைவில் வால் வீசாமல் இருக்க முன் டயரில் 15 பவுண்டு காற்றும் பின் டயரில் 26 பவுண்டு காற்றும் வைத்துக் காக்க வேண்டும். இந்தக் கணக்கைக் கார் வாங்கிய குடும்பத்தலைவன் தலையில் கட்டிவிட்டு, முன்பக்கம் பூட்ட வேண்டிய ஒரு கம்பியைச் செலவு கருதி மிச்சப்படுத்தினார்கள். ரால்ஃப் நாடர் என்ற இளம் வக்கீல் 1965ல் இதைப் புத்தகமாக எழுதினார். கம்பெனி காரைப் பரிசோதித்திருக்கலாம், நாடரைப் பரிசோதித்தது. தனியார் துப்பறிவாளர்களை ஏவி அவருடைய சொந்த வாழ்க்கையைக் கிளறியது. 1966 மார்ச்சில் செனட் குழுவின் முன் கம்பெனித் தலைவர் ஜேம்ஸ் ரோச் மன்னிப்புக் கேட்டார். நாடர் போட்ட வழக்கு 1970ல் 4,25,000 டாலர் கொடுத்துத் தீர்க்கப்பட்டது. 1972ல் வந்த அரசு ஆய்வு, கார்வேர் அக்கால மற்றக் கார்களைவிட மோசமில்லை என்றது. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். ஆனால் உளவு பார்த்ததற்கு அந்த ஆய்வு சாக்கு ஆகாது.

மிகப் பெரிய பழி இக்னிஷன் சுவிட்ச். செவர்லே கோபால்ட், அதே கம்பெனியின் சாட்டர்ன் அயான் முதலிய சிறிய கார்களில் பூட்டியது அது. சாவி திருகுமிடத்தில் பிடிமானம் போதாது. சாவிக்கொத்து கொஞ்சம் கனமாக இருந்தாலோ, முழங்கால் இடித்தாலோ, சாலைப் பள்ளத்தில் வண்டி குலுங்கினாலோ சாவி தானாகத் திரும்பி என்ஜின் அணையும். ஸ்டீயரிங் கனக்கும். எல்லாவற்றையும்விட மோசம், ஏர்பேக்கும் செத்துவிடும். அதாவது மோதப்போகும் தருணத்தில் காப்பாற்ற வேண்டிய பொருளே வேலை செய்யாது.

கம்பெனி வகுத்த அளவுக்கே அந்த சுவிட்ச் எட்டவில்லை என்று தெரிந்தும் 2002ல் ஒப்புதல் கொடுத்தார்கள். கோபால்ட் சந்தைக்கு வருமுன்பே சொந்தப் பொறியாளர்கள் ஓட்டிப் பார்க்கையில் வண்டி அணைந்தது. 2005ல் மாற்றுவழிகள் மேசைக்கு வந்தன. செலவு கட்டுப்படியாகாது என்று தள்ளினார்கள். ஓடும் வண்டி அணைவதைப் பாதுகாப்புப் பிரச்சினையாகப் பதியாமல் வாடிக்கையாளர் வசதிப் பிரச்சினையாகப் பதிந்தார்கள். டீலர்களுக்குப் போன சுற்றறிக்கை, சாவிக்கொத்தில் கனமானவற்றைக் கழற்றிவிடச் சொல்லுங்கள் என்றது. வண்டி நின்றுபோகும் என்ற சொல்லை அரசு கவனித்துவிடும் என்று அந்தச் சொல்லையே அதில் தவிர்த்தார்கள். புது சுவிட்சுக்கு ஆகும் செலவு ஒன்றுக்கு 57 சென்ட் என்று 2014ல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் சொல்லப்பட்டது. ஒரு டீ, வடை விலை.

2006ல் சுவிட்சைச் சத்தமில்லாமல் திருத்தினார்கள். ஆனால் உதிரிபாக எண்ணை மாற்றவில்லை. பழையதும் புதியதும் ஒரே எண்ணில் புழங்கின. புதிய வண்டிகளில் விபத்து ஏன் குறைகிறது என்று கம்பெனியின் சொந்த விசாரணைக்காரர்களே ஆண்டுக்கணக்கில் விழித்தார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் மகளைப் பறிகொடுத்த பெற்றோரின் வக்கீல் அமர்த்திய ஒரு பொறியாளர் இரண்டு சுவிட்சையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. உலகின் மிகப் பெரிய கார் கம்பெனிகளில் ஒன்று பத்தாண்டில் செய்யாத வேலை அது.

முதலில் 13 மரணங்கள் என்றது கம்பெனி. கென்னத் ஃபைன்பர்க் தலைமையில் நடந்த இழப்பீட்டு நிதி கணக்கை முடித்தபோது 124 மரணங்களுக்கு இழப்பீடு ஏற்கப்பட்டிருந்தது.

அந்தக் கணக்கில் அடங்காத கொடுமையும் உண்டு. டெக்சாஸில் ஓர் இளம்பெண் 2004ல் ஓட்டிச்சென்ற அயான் மரத்தில் மோதியது. உடனிருந்த அவளுடைய காதலன் இறந்தான். மரணத்துக்குக் காரணமானவள் என்று அவள்மீது குற்றம் சாட்டினார்கள். 2007ல் அவள் குற்றத்தை ஏற்றுக்கொண்டாள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, தவறு வண்டியுடையது என்று கம்பெனி தன் உள்விசாரணையில் முடிவுக்கு வந்திருந்தது. அவளிடம் சொல்லவில்லை. அவளுடைய வக்கீலிடம் சொல்லவில்லை. காதலனைக் கொன்றவள் என்ற பட்டத்தோடு ஏழு ஆண்டுகள் வாழ்ந்த பிறகு, 2014 நவம்பரில்தான் நீதிமன்றம் அவளை விடுவித்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. அந்தக் கோப்பைப் பூட்டி வைத்த கைகள் கூசவில்லை.

எப்படிச் சாத்தியமானது இது? கம்பெனியே அமர்த்திய அன்டன் வலுகாஸ் குழுவின் 2014 அறிக்கை இரண்டு வழக்கங்களைப் பதிவு செய்தது. கூட்டத்தில் எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து ஒன்றும் செய்யாமல் இருப்பது ஒன்று. கைகளைக் குறுக்கே மடித்து இரண்டு பக்கமும் அடுத்தவரைச் சுட்டிக்காட்டுவது மற்றொன்று. 2008ல் ஊழியர்களுக்குப் பயிற்சியே கொடுத்தார்கள்: அறிக்கைகளில் எழுதக் கூடாத சொற்கள் என்று 69 சொற்களின் பட்டியல். ‘குறை’ என்று எழுதாதே, ‘வடிவமைத்தபடி இயங்கவில்லை’ என்று எழுது. ‘பிரச்சினை’ என்று எழுதாதே, ‘நிலைமை’ என்று எழுது. பட்டியலில் ‘டைட்டானிக்’கும் இருந்தது. யார் அப்படி எழுதியதைப் பார்த்துப் பயந்து அதைச் சேர்த்தார்களோ.

மேரி பாரா 2014 ஜனவரியில் தலைமைக்கு வந்தார். நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார், 15 பேரை வேலையிலிருந்து நீக்கினார், உலகெங்கும் சுமார் 3 கோடி வண்டிகளை அந்த ஓராண்டில் திரும்ப அழைத்தார். அவருக்கு முந்தியவர்கள் செய்யாததைச் செய்தார், மறுக்கவில்லை. ஆனால் 6.2 லிட்டர் என்ஜின் கோப்பு மூன்று முறை மூடப்பட்டது அவருடைய ஆட்சியில்தான். வண்டி ஓட்டுகிறவர் எப்போது பிரேக் மிதித்தார், எங்கே போனார் என்று, தெளிவான சம்மதம் கேட்காமல், மூன்று விநாடிக்கு ஒருமுறை எடுத்து, இன்சூரன்ஸ் கட்டணத்தை நிர்ணயிக்க உதவும் தரவு வியாபாரிகளுக்கு விற்றதும் அவருடைய ஆட்சியில்தான். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் இதற்கு அறிவித்தது ஐந்தாண்டுத் தடை. குறையைச் சொல்லாத கம்பெனி, வாங்கினவனைப் பற்றி மட்டும் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறது.

நமக்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு. கல்யாணக் கூட்டத்தையும் கோயில் சுற்றுலாக் கூட்டத்தையும் ஏற்றிக்கொண்டு நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய செவர்லே டவேராவை மறந்திருக்க மாட்டோம். 2013 ஜூலையில் 1,14,000 டவேராக்களைக் கம்பெனி திரும்ப அழைத்தது. 2005 முதல் விற்ற வண்டிகள் அவை. புகைச் சோதனைக்கு அனுப்புவதற்கென்று, குறைவாகப் புகை விடும் என்ஜின்களாகப் பொறுக்கி எடுத்துப் பூட்டினார்கள். வண்டியின் எடைக் கணக்கிலும் கை வைத்தார்கள். அரசு அமைத்த குழு இதைக் கம்பெனி மோசடி என்றே குறித்தது. அமெரிக்காவில் உயர்நிலை என்ஜின் அதிகாரி உட்படப் பலர் நீக்கப்பட்டார்கள். ஃபோக்ஸ்வாகன் டீசல் மோசடி வெளியானதற்கு இரண்டு ஆண்டு முந்திய செய்தி இது. ஃபோக்ஸ்வாகனை உலகம் இன்றும் திட்டுகிறது, டவேராவை நாமே மறந்துவிட்டோம். 2017ல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் செவர்லே விற்பனையை நிறுத்திவிட்டுக் கிளம்பியது. கடையை மூடியதால் கணக்கு முடிந்துவிடாது.

ஆகவே கேட்கிறோம். 6.2 லிட்டர் என்ஜின் பற்றிய மூன்று உள்விசாரணைக் கோப்புகளையும், யார் மூடச் சொன்னார்கள் என்பதோடு சேர்த்து, கம்பெனி வெளியிட வேண்டும். ஆயில் ஊற்றி அனுப்பிய வண்டிகளைக் கம்பெனிச் சம்பளம் வாங்காத பொறியாளர்கள் பரிசோதிக்க வேண்டும். சுவிட்ச் வழக்குகளில் வாய் திறக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுச் சமரசம் செய்துகொண்ட குடும்பங்களை அந்த நிபந்தனையிலிருந்து விடுவிக்க வேண்டும். டவேராவின் எட்டு ஆண்டுப் புகைச் சோதனைத் தாள்கள் இந்திய மக்கள் பார்வைக்கு வர வேண்டும். ஓட்டுநர் தரவு விற்பனைக்கு ஐந்தாண்டு அல்ல, நிரந்தரமாக முழுக்குப் போட வேண்டும்.

கம்பெனி தானாக இதைச் செய்யும் என்று எதிர்பார்க்க நாம் அப்பாவிகள் அல்லர். 2014ல் சுவிட்ச் விவகாரத்துக்காகப் பாதுகாப்பு நிர்வாகம் அதற்கு விதித்தது 3.5 கோடி டாலர் அபராதம். அன்றைய சட்டத்தின் உச்சவரம்பே அவ்வளவுதான். முந்திய ஆண்டு வருவாய் 15,500 கோடி டாலருக்கு மேல். கணக்குப் போட்டால் அபராதம் இரண்டு மணி நேர வருவாய். 2015ல் நீதித்துறைக்கு 90 கோடி டாலர் கட்டி, உண்மையை மறைத்ததை ஒப்புக்கொண்டு, வழக்கை ஒத்திவைக்கும் ஒப்பந்தம் போட்டார்கள்; 2018ல் வழக்கும் தள்ளுபடியானது. 124 மரணங்களுக்குப் பிறகும் ஒரு தனிமனிதர்மீதுகூட அமெரிக்க அரசு குற்றம் சாட்டவில்லை. 2015ல் வந்த சட்டம் உச்சவரம்பை 10.5 கோடி டாலராக உயர்த்தியது. அதுவும் ஒரு நாள் வருவாய்க்குக் காணாது.

உயிருக்கு ஆபத்தான குறையைத் தெரிந்தே மறைக்கும் அதிகாரிகளுக்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கும் மசோதா ஒன்றை செனட்டர் ரிச்சர்ட் புளூமென்தால் 2014லேயே கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் அதைத் தூசு தட்டி எடுத்து, ஓட்டெடுப்புக்கு விட்டு, யார் யார் எதிர்த்தார்கள் என்ற பெயர்ப் பட்டியலையும் வெளியிட வேண்டும்.