கம்பி எங்கே, கண்ணு?

கடத்தூர் அத்தை பெங்களூரில் மகள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு நேரே சென்னைக்கு என்னிடம் வந்தாள். பையைக் கீழே வைத்ததும் வைக்காததுமாகக் கேள்வி பிறந்துவிட்டது.

"ஏன் கண்ணு, நம்ம பொம்மிடி ஸ்டேஷன்லே வண்டிக்கு மேலே கம்பி ஓடுது. உங்க ஊர் மெட்ரோவிலேயும் இருக்கு. பெங்களூர் மெட்ரோவிலே மட்டும் கம்பியைக் காணோமே, அது எதிலே ஓடுது?"

அதோடு விட்டாளா? ஸ்டேஷனில் பேரனுடைய ஒற்றைச் செருப்பு தண்டவாளத்தில் விழுந்துவிட்டதாம். "இறங்கி எடுத்துடலாம்னு உட்கார்ந்தேன். காவல்காரன் விசில் ஊதிக்கிட்டு ஓடி வரான்! ஒரு செருப்புக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. சகோதரிகளே, அங்கே மின்சாரம் இருப்பது தலைக்கு மேலே அல்ல, காலடியில்! வண்டி ஓடும் இரண்டு தண்டவாளங்களுக்குப் பக்கத்தில், மூடி போட்ட மூன்றாவது தண்டவாளம் ஒன்று கூடவே போகிறது. அதில் 750 வோல்ட். வண்டியின் அடியிலிருந்து ஒரு கை நீண்டு அதைத் தொட்டுக்கொண்டே ஓடும். கல்கத்தாவில் 1984-ல் வந்த மெட்ரோவும், பிறகு வந்த கொச்சி மெட்ரோவும் இந்த ஜாதிதான். நம் வீட்டுச் சுவரில் இருக்கும் 230 வோல்ட்டே ஆளை முடித்துவிடும் என்றால், பார்த்துக்கொள்ளுங்கள்.

பொம்மிடியில் கம்பி, அதில் 25,000 வோல்ட். ஏன் இத்தனை வித்தியாசம்? மாடித் தொட்டி உயரத்தில் இருந்தால் மெல்லிய குழாயே போதும். தாழ்ந்திருந்தால் பருமனான குழாய் வேண்டும், இல்லையா? அதே கதைதான். வோல்ட் குறைந்தால் கரண்டு ஏராளமாகப் பாயவேண்டும். அதற்குத்தான் கனத்த தண்டவாளம். வழியில் நஷ்டமும் அதிகம். சில கிலோமீட்டருக்கு ஒரு துணை மின்நிலையம் தேவை. ஊருக்குள்ளே ஓடும் வண்டிக்கு அது கட்டும். ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் வரை அப்படிப் போட்டால் கட்டுமா? சென்னைக் கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் வந்தது. அப்போதும் மேலே கம்பிதான், 1,500 வோல்ட். 1960-களில் அதையும் 25,000 ஆக்கிவிட்டார்கள்.

செலவை விடுங்கள். திறந்த வெளியில் ஆடு மாடு குறுக்கே போகும் இடத்தில், தரையோடு மின்சாரத்தை வைக்க முடியுமா? மூன்றாவது தண்டவாளத்துக்கு வேலியும் காவலும் வேண்டும். அவை இருந்தால், தெருவை மறைக்கும் கம்பமில்லை. சுரங்கத்தையும் சிறிதாகத் தோண்டலாம். ஆனால் சென்னை மெட்ரோ, சுரங்கத்திலும்கூட, 25,000 வோல்ட்டையே மேலே வைத்துக்கொண்டது.

மேலே இருப்பதால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கம்பியைத் தொடவே வேண்டாம், நெருங்கினாலே பாயும். படம் எடுக்கிறேன் என்று நிற்கும் சரக்கு வண்டி மீது ஏறும் பிள்ளைகளை வீட்டிலேயே நாலு வார்த்தை கண்டித்து வையுங்கள்.

எல்லாவற்றையும் அத்தை பொறுமையாகக் கேட்டாள்.

"அப்போ அந்தச் செருப்பு?"

"கரண்டை நிறுத்தினதும் எடுத்து வைத்திருப்பார்கள், அத்தை."

"அடடா! ஒத்தைச் செருப்பு எதுக்குன்னு இன்னொண்ணைக் குப்பையிலே போட்டுட்டு வந்தேனே!"