பழைய சோறும் புதிய கணக்கும்

விவசாயப் பத்திரிகையில் பழைய சோற்றைப் பற்றி என்ன பேச்சு என்று நேயர்கள் சிலர் கேட்கலாம். நெல்லை விளைவிப்பதோடு நம் இலாகாவின் கடமை தீர்ந்தது, உண்பது அவரவர் வீட்டு விஷயம் என்று எண்ணுவோரும் உளர். நான் அவ்வாறு எண்ணவில்லை. குறுவை, சம்பா, தாளடி என்று வருஷம் முழுவதும் சேற்றில் நிற்கும் காவிரிப் பாசனக் குடியானவனுக்கு முதல் கருவி அவன் தேகமே. மாடு மெலிந்தால் வைத்தியம் பார்க்கிறோம். ஏர் முறிந்தால் ஆசாரியிடம் கொண்டு போகிறோம். தேகத்தைப் பற்றி மட்டும் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுகிறோம்.

நான் உத்தியோகத்தில் சேர்ந்த காலத்தில் நடவு வயலுக்கு வரும் பெண்களின் தூக்குச் சட்டியில் பழையதும் சிறு வெங்காயமும் இருப்பது வழக்கம். பிறகு கடைத் தேநீரும் வடையும் வந்தன. பழையது உண்பது ஏழ்மையின் அடையாளம் என்று பலர் அதை ஒளித்தே உண்டார்கள். இப்போது காற்று திசை மாறிவிட்டது. பட்டணத்து ஓட்டல்களில் அதே சோறு மண்சட்டியில் விலைக்கு வருகிறது. ‘புரோபயாடிக்’ என்ற பெயருடன் புட்டிகளும் மாத்திரைகளும் மருந்துக்கடைகளில் விற்கின்றன. அன்று காரணமின்றி இகழ்ந்தோம். இன்று கணக்கின்றிப் புகழ்கிறோம். இரண்டும் பிசகு என்பதே என் கருத்து.

முதலில் மெய்யான பகுதியைச் சொல்லிவிடுகிறேன். மனித தேகத்தில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி என்று 2016-ல் வெளியான ஒரு கணக்குக் கூறுகிறது. அவற்றில் மிகப்பெரும் பகுதி பெருங்குடலில் உள்ளது. நாம் ஜீரணிக்க இயலாத நார்ச்சத்தை அவை புளிக்கவைத்துச் சில அமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றுள் ஒன்று குடலின் உட்சுவருக்கே ஆகாரமாகிறது. நல்லவை இடத்தைப் பிடித்துக்கொண்டால் தீயவை வேரூன்றுவது கடினம். நோயை எதிர்க்கும் அணுக்களில் பல குடலை ஒட்டியே இருப்பதால், அவை பழகிக்கொள்வதும் இந்தக் குடித்தனக்காரர்களோடுதான்.

நம் குடியானவர்களுக்கு இது புதிய பாடம் அன்று. அசோஸ்பைரில்லம் பொட்டலத்தை நிழலில் வைக்க வேண்டும், காலாவதியானதை வாங்கலாகாது, இரசாயன உரத்தோடு கலக்கலாகாது என்று நாம் சொல்வதெல்லாம் அது உயிருள்ள பொருள் என்பதனால்தானே? பொட்டலம் போட்டால் மட்டும் போதாது. தக்கைப்பூண்டோ கொழிஞ்சியோ மடக்கி உழுது மண்ணுக்கு இரையும் கொடுக்க வேண்டும். குடலும் ஒரு வயலே. இரவு நீரில் ஊறிய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அதுவே அதன் இளம்புளிப்புக்குக் காரணம். மேலும், வெந்து ஆறிய சோற்றின் மாவில் ஒரு பகுதி எளிதில் ஜீரணமாகாத நிலையை அடைந்து, பெருங்குடல் வரை சென்று அங்குள்ளவற்றுக்கு இரையாகிறது. ஆக, வித்தும் எருவும் ஒரே சட்டியில் கிடைக்கின்றன. இது சிறிய நன்மை அன்று.

ஆனால் வித்து என்றால் ரகம் கேட்க வேண்டாமா? ஆடுதுறை 43-ம் நெல்தான், சி.ஆர். 1009-ம் நெல்தான். ஒன்றின் வயதையும் மகசூலையும் மற்றொன்றுக்குச் சொன்னால் நம்மை யார் மதிப்பார்கள்? பாக்டீரியாக்களிலும் அவ்வாறே. ஒரிஸ்ஸா கிராமங்களில் 4,556 பச்சிளங் குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2017-ல் வெளியிட்ட பரிசோதனையில், லாக்டோபாசில்லஸ் பிளாண்டாரம் என்ற இனத்தில் ஒரு குறிப்பிட்ட ரகத்தை, அதற்குரிய இரையோடு ஏழு நாள் கொடுத்தார்கள். இரத்தத்தில் விஷக்கிருமி பரவும் நோயோ மரணமோ நேர்ந்தது நூற்றுக்கு 9 என்பதிலிருந்து 5.4 ஆகக் குறைந்தது. மகத்தான பலன் அது. எனினும் அந்தப் பலன் அந்த ரகத்துக்கும், அந்த அளவுக்கும், அந்த வயதுக்கும் உரியது. அதைக் காட்டிக் கடைப் புட்டியையோ நம் வீட்டுப் பழையதையோ புகழ்வது முறையன்று. பழையதன் குணத்தைத் தனியே சோதித்துத்தான் அறிய வேண்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியார் அத்தகைய ஆராய்ச்சியை மேற்கொண்ட செய்தி 2021-ல் பத்திரிகைகளில் வந்தது. வரவேற்க வேண்டிய முயற்சி. புளித்த பாலால் ஆயுள் நீளும் என்று உலகெங்கும் ஆசையை எழுப்பிய மெச்னிகாவ், 1908-ல் நோபல் பரிசு பெற்ற பெரிய விஞ்ஞானி. அவரே 1916-ல் தம் 71-வது வயதில் காலமானார் என்பதையும் நினைவில் வைப்போம்.

நிற்க. இதை எழுதத் தூண்டியது என் சொந்தப் பிழை. 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருக்கும் இரும்புச்சத்து ஓரிரவு ஊறினால் 73.91 மில்லிகிராம் ஆகிறது என்று ஒரு கணக்கு ஊரெங்கும் உலவுகிறது. 2018-ல் சம்பா நாற்றுவிடும் சமயம், ஒரு கிராமத்துக் கூட்டத்தில் நானும் அதைச் சொன்னேன். பெண்கள் மகிழ்ந்தார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. இரண்டு மாதம் கழித்துக் கிராம சுகாதாரச் செவிலியர் என்னைத் தேடி வந்தார். கர்ப்பிணிப் பெண் ஒருத்தி, குமட்டலுக்கு அஞ்சியிருந்தவள், என் பேச்சைக் கேட்டு இரும்பு மாத்திரையை அடியோடு நிறுத்திவிட்டாள். இரத்தம் குறைந்து, ஆஸ்பத்திரியில் நரம்பு வழியே மருந்து ஏற்ற நேர்ந்தது. தாயும் சேயும் பிழைத்தது தெய்வச் செயல்.

அவ்வீட்டுக்குச் சென்றேன். அப்பெண்ணின் பாட்டி, நடவு வேலையிலேயே வயதானவள், கோபிக்கவில்லை. “ஏங்க ஐயா, அரிசியிலயும் அம்புட்டு இரும்பு இல்லேங்கறீங்க, தண்ணியிலயும் இல்லே, சட்டியும் மண்ணு. ராவோட ராவா அது எங்கேருந்துங்க வந்துச்சு?” என்று மட்டும் கேட்டாள். டிப்ளோமா படித்த என்னிடம் பதில் இல்லை. இரும்பு ஒரு மூலகம். எந்தப் பாக்டீரியாவும் அதை உண்டாக்காது. புளிப்பினால் தானியத்திலுள்ள இரும்பில் சிறிது அதிகம் உடலில் சேரலாம், அவ்வளவே. தீட்டிய அரிசி 100 கிராமில் இருப்பதே ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. கர்ப்பிணிக்கு அரசாங்கம் தரும் மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் உண்டு. 180 நாள் உண்ண வேண்டும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர் இரத்தசோகை உடையவர் என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகையில், இத்தகைய பொய்க்கணக்கு வெறும் பிழை அன்று, தீங்கு.

ஆகையால் பழையதைக் கைவிடச் சொல்கிறேனா? இல்லை, முறையாகச் செய்யச் சொல்கிறேன். வெந்த சோற்றிலும் சாகாத ஒருவகைப் பாக்டீரிய வித்து உண்டு. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அது முளைத்து நஞ்சை உண்டாக்கும்; அந்நஞ்சில் ஒருவகை மறுபடி சுடவைத்தாலும் போகாது. எனவே சோற்றை அகலமாகப் பரப்பி விரைவில் ஆறவைக்க வேண்டும். கழுவி வெயிலில் காய்ந்த சட்டியில் இட்டு, காய்ச்சி ஆறிய நீரை மூழ்கும்படி ஊற்ற வேண்டும். முந்தைய நாளைய நல்ல நீராகாரமோ மோரோ ஒரு கரண்டி சேர்த்தால் புளிப்பு விரைந்து ஏறித் தீயவற்றை அடக்கும். மூடி வைத்து மறுநாள் காலையிலேயே உண்க. நூல்விட்டாலும் துர்நாற்றம் வீசினாலும் தயங்காமல் கொட்டிவிடுக. கைக்குழந்தைகளும் எதிர்ப்புச் சக்தி மிகக் குன்றிய நோயாளிகளும் வைத்தியரைக் கேட்காமல் உண்ணலாகாது. நீரிழிவுடையோர் இதுவும் சோறே என்பதை மறக்கலாகாது.

இரையையும் மறவாதீர்கள். சம்பா அறுவடைக்கு முன் தெளிக்கும் உளுந்தும் பச்சைப்பயறும் விற்பனைக்கு மட்டும் அல்ல. அவற்றில் ஒரு பங்கு வீட்டில் தங்கட்டும். வரப்புக் கீரையும் அவ்வாறே. சளி பிடித்தவுடன் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கும் வழக்கம், நல்ல பயிரையும் களையையும் சேர்த்து அழிக்கும் மருந்தடிப்பு, அதை விடவேண்டும்.

நம் இலாகாவினருக்கும் ஒரு வேண்டுகோள். வயல் விழாக்களில் பழையது செய்யும் முறையைச் செய்து காட்டுவோம். செவிலியரையும் உடன் அழைப்போம். எந்த எண்ணைச் சொல்லுமுன்னும், அது எங்கிருந்து வந்தது என்று அந்தப் பாட்டி கேட்டதை நாமே நம்மைக் கேட்டுக்கொள்வோம்.